ஜப்பானியர் வணக்கமும் பேராக் தமிழர் நினைவும்

ஒரு மக்களினத்தின் ஒழுகலாறுகளை அயலார் அறிந்துகொள்ளும் வழிகள் பல. நூல்வழி அறிவார் சிலர். விருந்தினராய்ச் சென்று அறிவார் சிலர். வணிகத்தாலும் கல்வியாலும் அறிவார் சிலர். இவற்றுள் எதுவுமின்றி, துப்பாக்கி ஏந்திய காவலன் முன் நின்று அறிய நேர்ந்தோரும் உளர். பேராக் மாநிலத் தமிழர் ஜப்பானியரின் வணக்கத்தை முதன்முதல் பரவலாக அறிந்தது இந்த இறுதி வழியிலேயாம்.

ஈப்போ நகரத்தும், சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா, தெலுக் இந்தான் முதலிய ஊர்களைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் வாழ்ந்த முதியோர், 'ஜப்பான்காரன் காலம்' என்று பேச்செடுத்தால் மூன்று செய்திகள் தவறாது வந்துவிடும். ஒன்று, அரிசியின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மரவள்ளிக் கிழங்கு. மற்றொன்று, சென்றவர் பலர் திரும்பி வாராத சயாம் ரயில். மூன்றாவது, காவற்சாவடியில் குனிந்த தலை. குனியத் தவறிய கன்னத்தில் விழுந்த அறை.

அத்தோட்டங்கள் பலவற்றில் இன்று பால்மரம் இல்லை. செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் அவற்றின் இடத்தில் உள்ளன. லயங்களில் பிறந்தோரின் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1982-இல் மலேசிய அரசு 'கிழக்கு நோக்கும் கொள்கை'யை வகுத்த பின், மலேசிய மாணவரும் தொழிற்பயிற்சியாளரும் ஜப்பானுக்குச் செல்லலாயினர். ஜப்பானியத் தொழிலகங்களும் இந்நாட்டில் பெருகின. ஆகவே, பாட்டன் இழிவு என்று நினைத்திருந்த அதே வணக்கத்தைப் பேரன் பண்பாடு என்று பாராட்டக் கேட்கிறோம். இருவர் கூற்றும் பொய்யன்று. ஒரே செயல் இருவேறு பொருள் பெற்றது எவ்வாறு என்பதை விளக்கினாலன்றி, இளையோர்க்கு வரலாறும் விளங்காது. ஜப்பானியர் பண்பாடும் விளங்காது.

வணக்கத்தின் இலக்கணம்

ஜப்பானியர் வணக்கம் இடுப்பிலிருந்து உடலை முன்னோக்கி வளைப்பது. முதுகும் கழுத்தும் நேர்கோட்டில் நிற்கும்; பார்வை தாழும். ஆடவர் கைகளை உடலின் இருமருங்கும் வைப்பர். மகளிர் முன்புறம் சேர்த்து வைப்பது வழக்கம். வளைவின் அளவை ஒழுக்க நூல்கள் மூவகையாகப் பகுக்கும். வழியிற் காண்போர்க்கு ஏறத்தாழ 15 பாகை வளைவு போதும். விருந்தினர்க்கும் மேலோர்க்கும் 30 பாகை. ஆழ்ந்த நன்றிக்கும், பிழை பொறுக்க வேண்டுதற்கும், உயர்ந்த மரியாதைக்கும் 45 பாகை. இம்மூன்றாவதற்கே 'சைகேரே' என்று பெயர். பாய் விரித்த அறையில் அமர்ந்திருக்குங்கால், முழந்தாளிட்டு, கைகளைத் தரையில் ஊன்றி வணங்குவது தனி முறை. இத்தகைய நடைமுறைகளை வகுத்துக் கற்பித்த குடிகளுள் ஒகசவாரா என்னும் போர்வீரர் குடி புகழ் பெற்றது.

அளவைக் காட்டிலும் கருதத்தக்கது மற்றொன்று உண்டு. இவ்வணக்கம் ஒருவர் செய்து முடிப்பதன்று. இருவர் சேர்ந்து செய்வது. இளையவர் சற்று மிகுதியாகக் குனிவார். மூத்தவர் சற்றுக் குறைவாகக் குனிவார். ஆனால் மூத்தவரும் குனிவார். கடைக்கு வந்தவரைக் கடைக்காரர் வணங்க, வந்தவர் தலையையேனும் அசைப்பார். வகுப்புத் தொடங்குமுன் மாணவர் எழுந்து ஆசிரியரை வணங்க, ஆசிரியரும் மாணவரை வணங்குவார். மறுவணக்கம் இல்லாத வணக்கம் அந்நாட்டு வழக்கிலும் குறையுடையதே. இக்கருத்தை மனத்திற்கொண்டால், பேராக்கில் நிகழ்ந்தது யாது என்பது பின்னர் எளிதில் விளங்கும்.

தமிழர் ஒன்று அறிந்திருத்தல் நலம். கைகூப்பி வணங்குதலை ஜப்பானியர் புத்தர் திருமுன்னும், முன்னோர் நினைவிடத்தும், உண்ணத் தொடங்கும்போதும் கொள்வர்; மனிதரை எதிர்கொள்ளும் பொது வணக்கமாகக் கொள்வதில்லை. ஆதலின் நம்மவர் கைகூப்புவது அவர்க்குச் சற்று வியப்பாகத் தோன்றக்கூடும், தவறாகத் தோன்றாது.

சொல்லிலே பணிவு

உடல் வணங்குவது போலவே ஜப்பானிய மொழியும் வணங்கும். தமிழாசிரியர்க்கு மிகவும் சுவை பயக்கும் பகுதி இதுவே.

தமிழில் ஒருவரைப் பன்மையாற் கூறி உயர்த்துகிறோம். அஃது இலக்கண நெறியாகாமல் வழக்கால் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் குறித்துள்ளார். ஜப்பானியரோ உயர்வுக்கும் பணிவுக்கும் வேறுவேறு வினைச்சொற்களையே வைத்துள்ளனர். உயர்ந்தோர் வருதலும் போதலும் இருத்தலும் 'இரஷ்ஷாரு' என்னும் ஒரே சொல்லால் வரும். தான் வருவதையும் போவதையும் பணிவாகச் சொல்ல 'மாயிரு' என்னும் வேறு சொல் வேண்டும். உண்ணுதலுக்கும் இவ்வாறே பிறர்க்கொரு சொல், தனக்கொரு சொல். மரியாதை மொழியை உயர்வு, பணிவு, இன்சொல் என மூன்றாகப் பகுப்பது அந்நாட்டு மரபு. 2007-இல் அரசின் பண்பாட்டு மன்றம் அதனை ஐந்தாக விரித்து வழிகாட்டியது.

இது தமிழர்க்கு முற்றும் புதிதன்று. வைணவர் வழக்கில் பெரியோர் வருவதில்லை, எழுந்தருளுவர். உண்பதில்லை, அமுது செய்வர். பிறர் இல்லம் திருமாளிகை. தன் இல்லம் எத்துணைப் பெரிதாயினும் குடிசை. தன்னைச் சுட்டும் சொல் அடியேன். ஜப்பானியரும் தம் வீட்டை எளிய குடில் என்னும் பொருளுடைய சொல்லாற் குறிப்பர்; பிறர் வீட்டை மதிப்பு முன்னொட்டுச் சேர்த்துச் சொல்வர். வைணவ அடியார் குழுவுக்குள் நின்ற வழக்கு அங்கே கடைத்தெரு வரை பரந்துள்ளது என்பதே வேறுபாடு.

ஆயின் ஓரிடத்தில் தமிழர் வழக்கும் அவர் வழக்கும் எதிரெதிராகச் செல்லும். 'எங்கள் அப்பா வந்தார்' என்று அயலாரிடம் நாம் உயர்வாகவே சொல்வோம். ஜப்பானியர் அவ்வாறு சொல்லார். பிறர் தந்தை 'ஒத்தோசான்'. அயலாரிடம் தன் தந்தையைக் குறிக்குங்கால் 'சிச்சி' என்னும் எளிய சொல்லே பொருந்தும். அலுவலகத்தில் மேலாளரைப் பெயரோடு 'சான்' சேர்த்து அழைப்பதுண்டு. வெளியார் தொலைபேசியில் அவரைக் கேட்டாலோ, கடைநிலை எழுத்தரும் 'சான்' நீக்கி, வெறும் பெயராலேயே விடை கூறுவார். தன்னைச் சார்ந்தோரும் தன்னைப் போலவே தாழ்த்திக் கூறப்பட வேண்டியவர் என்பது அவர் கொள்கை. 'திரு', 'அவர்கள்' என்பவற்றைத் தமிழர் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளாமை போல, 'சான்' என்பதை எவரும் தமக்குச் சேர்த்துக்கொள்ளார்.

ஆசிரியரைக் குறிக்கும் 'சென்செய்' என்னும் சொல்லின் எழுத்துப் பொருள் 'முன் பிறந்தவர்' என்பது. மாணவரும் ஊராரும் அவ்வாறு அழைப்பர். ஆசிரியர் தம் தொழிலைச் சொல்லுங்கால் 'கியோஷி' என்னும் வேறு சொல்லையே ஆள்வார். மதிப்பு என்பது பிறர் தருவது. தானே எடுத்துக்கொள்வதன்று என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

வாயிற்படியும் உண்கலமும்

ஜப்பானியர் வீட்டின் முகப்பில் தாழ்ந்த தளம் ஒன்றும், அதனின் உயர்ந்த படி ஒன்றும் இருக்கும். தாழ்ந்த தளம் வெளியுலகைச் சேர்ந்தது. படிக்கு மேற்பட்டது அகம். மிதியடியைக் கீழே கழற்றி, அதன் முனை வாயிலை நோக்குமாறு திருப்பி வைத்தல் முறை. உள்ளே அணியும் மெல்லிய செருப்பையும், கோரைப்பாய் பரப்பிய அறையில் நுழையும்போது கழற்றிவிட வேண்டும். செருப்பைத் திண்ணைக்கு வெளியே விடும் தமிழர்க்கு இதனைக் கற்பிக்க வேண்டுவதில்லை.

உண்ணத் தொடங்குமுன் 'இத்தாதக்கிமாஸ்' என்பர். அதன் மூலப்பொருள் தலைமேல் ஏந்திப் பெறுதல் என்பது. கோயிற் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் தமிழர் அக்கருத்தை உடனே உணர்வர். உண்டு முடித்ததும் விருந்துக்கு நன்றி கூறும் சொல் வேறுண்டு.

விலக்குகள் சில காரணத்தோடு கூடியவை. உணவுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நடுதல் ஆகாது. இறந்தார்க்குப் படைக்கும் சோற்றில் அவ்வாறு நடுவர். ஒருவர் குச்சியிலிருந்து மற்றொருவர் குச்சிக்கு உணவை மாற்றுதலும் ஆகாது. எரியூட்டிய பின் எலும்புகளை எடுக்குங்கால் உறவினர் அவ்வாறு கைமாற்றுவர். கிமோனோ ஆடையின் வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேல் வருமாறு உடுத்துவது இறந்தார்க்கே உரியது. வடக்கே தலை வைத்துப் படுத்தலையும் அவர் விலக்குவர். இறந்தாரை அவ்வாறு கிடத்துவராதலின். இக்கடைசி விலக்கைத் தமிழ்ப் பாட்டிமார் அறியாதாரல்லர். இழவுக்குரியது வாழ்வுக்கு ஆகாது என்னும் ஒரே விதியே இவை அனைத்திற்கும் அடிப்படை. அவ்விதி தமிழர் வீட்டிலும் உண்டு.

கொடையிலும் ஒற்றுமை காணலாம். பரிசை இரு கைகளாலும் தருதல், இரு கைகளாலும் பெறுதல், 'இஃது எளிய பொருள்' என்று சொல்லித் தருதல் ஆகியன அவர் முறை. நான்கு என்னும் எண்ணின் ஓசை சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருத்தலின், நான்காகத் தாரார். இழவு வீட்டில் தரும் பணத்தைப் பெயர்வாரியாக ஏட்டில் பதிந்து, ஏறத்தாழப் பாதி மதிப்பிற்கு மறுகொடை அனுப்புவது பழைய வழக்கம். திருமணத்திலும் பிற நிகழ்ச்சிகளிலும் மொய் எழுதி, மொய்யேட்டைப் பேணி, உரிய காலத்தில் திருப்பிச் செய்யும் தமிழர் இதில் தம் முகத்தையே காண்பர்.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டவுடன் இரண்டும் ஓரினம் என்று துணிதல் கூடாது. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008), தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் ஒலியொப்புமை உண்டென 1980-இல் நூல் வெளியிட்டார். பொங்கலையும் ஜப்பானியரின் சிறு புத்தாண்டு விழாவையும் ஒப்பிட்டார். தமிழுலகம் அவரை மகிழ்ந்து போற்றியது. எனினும் மொழிநூலார் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. உறவு நாட்டப்படாவிடினும் ஒப்புமை பயனற்றதாகிவிடாது. அயலார் செயலை உள்ளிருந்து காண அது துணை செய்யும்.

பண்பு ஆணையானபோது

இத்துணை நுண்மையான ஒழுகலாறு, பேராக் மண்ணில் அறையாக வந்து விழுந்தது ஏன்? விடை ஜப்பானின் அண்மைக்கால வரலாற்றில் உள்ளது.

1890-இல் ஜப்பானியப் பேரரசர் பெயரால் கல்விக் கட்டளை ஒன்று வெளியாயிற்று. அதன் படிகளும் பேரரசரின் உருவப்படமும் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. விழா நாள்களில் ஆசிரியரும் மாணவரும் அவற்றின் முன் ஆழ்ந்து வணங்கல் வேண்டும். 1891 ஜனவரியில் தோக்கியோவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராய் இருந்த உச்சிமுரா கன்சோ என்னும் கிறித்தவர், அக்கட்டளையின் முன் போதிய ஆழத்திற்குக் குனியவில்லை எனக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பதவியிழந்தார். குனிவின் அளவை அரசு அளக்கத் தொடங்கியதற்கு முதற்பலி ஒரு ஜப்பானிய ஆசிரியரே என்பது கருதத்தக்கது. பின்னர், 1930-களில் பேரரசர் அரண்மனை இருக்கும் திசை நோக்கிக் கூட்டமாக வணங்கும் முறையும் பரவிற்று. 1948-இல்தான் ஜப்பானிய நாடாளுமன்றம் அக்கல்விக் கட்டளையை நீக்கித் தீர்மானம் இயற்றியது.

படையில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. மேலவன் கீழவனைக் கன்னத்தில் அறைதல் அங்கே நாள்தோறும் நிகழும் தண்டனை. அறை வாங்கிப் பழகிய வீரனே அயல்நாட்டுச் சாவடியில் காவலனாக நின்றான். வீட்டிலும் கடையிலும் வழங்கிய வணக்கத்தை அவன் மலாயாவிற்குக் கொண்டுவரவில்லை. படைக்கொட்டிலின் வழக்கத்தையே கொண்டுவந்தான்.

1941 டிசம்பர் 8-இல் மலாயாவைத் தாக்கத் தொடங்கிய ஜப்பானியப் படை, அம்மாத இறுதிக்குள் ஈப்போவைக் கைப்பற்றியது. கம்பாரில் சில நாள் கடும்போர் நிகழ்ந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் கடிகாரம் தோக்கியோ நேரத்திற்கு ஒன்றரை மணி முன்னோக்கித் திருப்பப்பட்டது. பேராக்கில் கடிகாரம் எட்டைக் கடந்த பின்னரே கதிரவன் எழுந்தான். 1942-ஆம் ஆண்டு 2602 எனப்பட்டது. பள்ளிகளில் ஜப்பானிய மொழியும் உடற்பயிற்சியும் புகுந்தன. மாணவர் அரண்மனைத் திசை நோக்கிக் குனிந்தனர். சாவடியைக் கடப்போர், சைக்கிளில் வந்தால் இறங்கி, காவலனை நோக்கிக் குனிதல் வேண்டும். காவலன் மறுவணக்கம் செய்யான். குனிந்தது போதாதென அவன் கருதினால் அறை விழும். வெயிலில் நிற்க வைத்தலும் உண்டு.

ஈப்போவை அடுத்த பாப்பான் ஊரில், ஜப்பானியரை எதிர்த்த காட்டுப்படையினர்க்கு மருத்துவம் செய்த சிபில் கார்த்திகேசு அம்மையார் 1943-இல் கைதாகி, கெம்பெய்த்தாய் என்னும் படைக்காவலரால் கொடுமையாக வதைக்கப்பட்டார். அக்கொடுமையின் விளைவால் 1948-இல் மறைந்தார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 70,000-க்கு மேற்பட்டவர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். இவற்றோடு ஒப்பிட, குனிவு சிறிய துன்பமே. ஆயினும் உயிர் பிழைத்தோர் நெஞ்சில் அது நீங்காது நின்றது. பசி எல்லார்க்கும் பொதுவாய் வந்தது. அறையோ பிள்ளைகள் பார்க்கத் தந்தையின் கன்னத்தில் விழுந்தது.

சைக்கிளும் சாவடியும்

இவ்விழிவு தோட்டத் தமிழர்க்கு ஜப்பானியர் மட்டும் தந்ததன்று. ஜப்பானியர் வருவதற்கு முன்னரே, துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்பது தோட்டங்களின் எழுதாச் சட்டம். 1941-இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, சைக்கிளினின்று இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தனர். வேலைநிறுத்தத் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. விரைவில் துரை போனார். சாவடிக் காவலன் வந்தான். இறங்க வேண்டிய சைக்கிள் மட்டும் மாறவில்லை.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். இழிவு ஜப்பானியர் வணக்கத்தில் இருந்ததன்று; ஆங்கிலேயர் மரியாதையில் இருந்ததுமன்று. மறுவணக்கமின்றி ஒருவனை மட்டும் வணங்கச் செய்யும் அதிகாரத்தில் இருந்தது. அதே காலத்தில், 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின், தோட்டத் தமிழர் பல்லாயிரவர் இந்திய தேசிய இராணுவத்தோடு சேர்ந்தனர். அவர்கள் 'ஜெய் ஹிந்த்' என்று கூறினர். கேட்டவரும் 'ஜெய் ஹிந்த்' என்றார். எவரும் அதனை இழிவாக நினைத்ததில்லை. சொன்னதற்கு மறுமொழி வந்தமையே காரணம்.

ஜப்பானியர் பண்பாட்டிலேயே இவ்வுண்மைக்குச் சான்று உண்டு. தேநீர் விருந்தை ஒரு கலையாக வளர்த்த சென் நோ ரிக்யூ (1522–1591) என்பார், தேநீர்க் குடிலின் வாயிலை இரண்டடி அளவே உயரமுள்ளதாக அமைக்கும் முறையை நிலைநிறுத்தினார் என்பர். வாளேந்திய பெருவீரனும் வாளை வெளியே வைத்துத் தவழ்ந்தே உள்ளே புகல் வேண்டும். உள்ளே சென்றபின் தலைவனும் பணியாளனும் ஒரே பாயில் அமர்வர். அங்கே குனிவு எல்லார்க்கும் பொது; ஆதலின் எவர்க்கும் இழிவில்லை. அந்த ரிக்யூவே, ஆட்சித்தலைவன் ஹிதேயோஷியின் ஆணையால் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. பண்பும் அதிகாரமும் அந்நாட்டிலும் ஒன்றாக இருந்ததில்லை.

ஆகவே பேராக்கிலும் பிறவிடத்தும் ஜப்பானியர் பழக்கவழக்கங்களைக் கற்பிக்கும் ஆசிரியர், வணக்கத்தின் பாகையளவை மட்டும் சொல்லி நிறுத்துதல் போதாது. முதியோர் நினைவைப் பழங்கதை என ஒதுக்கினால் வரலாறு பிழைபடும். அந்நினைவைக் கொண்டே ஒரு மக்களினத்தை முழுதும் அளந்தால் நடுநிலை பிழைபடும். இரண்டையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும். ஜப்பானுக்குச் செல்லும் இளைஞன் அங்கே தயங்காமல் குனிந்து வணங்கலாம். எதிரே நிற்பவரும் குனிவார். அவன் பாட்டனுக்குக் காவற்சாவடியில் கிடைக்காது போனது அந்த மறுவணக்கமே என்பதை அறிந்து வணங்குவானாயின், பாட்டனையும் அவன் மதித்தவனாவான்.